முதல் அரை மாரத்தான்: கட்-ஆஃப் கணக்கும் ஷூ தரும் தொல்லையும்

அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்த கையோடு எல்லாரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. தூரம் 21.0975 கி.மீ. ஓடி முடித்தாக வேண்டிய கெடுவான கட்-ஆஃப் மூன்றே கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 195 நிமிடம். வகுத்தால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 15 விநாடி வரும். "வேகமாக நடந்தாலே பத்தரை நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போய்விடுவேன், ஒன்பதே கால் எம்மாத்திரம்?" என்று அத்தோடு நிம்மதியாகிவிடுவார்கள். வகுத்தல் சரிதான். ஆனால் அந்த 9:15 பேஸில் (பேஸ் என்பது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) ஓடுகிறவர் கட்-ஆஃபுக்குள் வந்து சேர மாட்டார்.

தூரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். முறைப்படி அளக்கப்பட்ட ரோட்டுப் பந்தயத்தில், வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாமோ கூட்டத்தில் ஆளைச் சுற்றி, தண்ணீர் மேசைக்காக ஓரம் ஒதுங்கி, திருப்பத்தில் அகலமாக வளைந்து ஓடுவோம். முடிவுக் கோட்டில் வாட்ச் 21.3 அல்லது 21.4 காட்டுவது சகஜம். ஜிபிஎஸ் செய்யும் பிழையும் அதில் கொஞ்சம் இருக்கும், ஆனால் பெரும்பகுதி நாமே கூடுதலாக ஓடியதுதான்.

அடுத்து கடிகாரம். சான்றிதழில் வருவது சிப் டைம், அதாவது நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து. ரோட்டைப் போக்குவரத்துக்குத் திறந்துவிடுவது பெரும்பாலும் கன் டைம் கணக்கில், அதாவது பந்தயம் தொடங்கிய நொடியிலிருந்து. புதியவர்கள் கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் நிற்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஓடும் பந்தயத்தில் கோட்டைத் தொடவே ஐந்தாறு நிமிடம் போய்விடும். அணி அணியாக விடும் பந்தயமாக இருந்தால், உங்கள் அணியின் கட்-ஆஃப் எப்போதிலிருந்து கணக்கு என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நிற்கும் நேரம். எட்டு தண்ணீர் மேசை, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் என்றால் நான்கு நிமிடம். கழிப்பறைக்கு ஒரு முறை போனால், வரிசை சின்னதாக இருந்தாலும் மூன்று நிமிடம். முதல் பந்தயத்தில் பதற்றத்தில் கட்டாயம் ஒரு முறை போக வேண்டிவரும் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது 195-லிருந்து கோட்டுக்கு 6, தண்ணீருக்கு 4, கழிப்பறைக்கு 3 கழித்தால் மீதி 182 நிமிடம். அதை 21.3-ஆல் வகுத்தால் 8:33. மூன்றே கால் மணி நேரக் கட்-ஆஃபுக்குக் கால் நகரும்போதெல்லாம் இருக்க வேண்டிய பேஸ் இதுதான். ட்ரெட்மில்லில் பயிற்சி செய்பவர்களுக்கு மணிக்கு 7 கி.மீ. என்றால் விளங்கும். 9:15-ஐ நம்பி 6.5-இல் வைத்துப் பழகியவர் பந்தயத்தன்று பதினைந்தாவது கிலோமீட்டரில்தான் விஷயத்தைக் கண்டுபிடிப்பார்.

கட்-ஆஃப் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. மூன்று மணி நேரம் என்றால் வெறும் வகுத்தலே 8:32, மூன்றரை என்றால் 9:57. எதுவானாலும் அதே போல் 13 நிமிடம் கழித்து 21.3-ஆல் வகுத்துப் பாருங்கள். நடுவில் 10 அல்லது 15 கி.மீ.யில் இடைக் கட்-ஆஃப் வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். மேலே சொன்ன கணக்கில் வழியில் உள்ள பலகைகளைக் கடக்கும்போது கன் கடிகாரம் காட்ட வேண்டியது ஏறத்தாழ இது: 5 கி.மீ.யில் 50 நிமிடம், கழிப்பறைக்கும் சேர்த்து 10-இல் 1 மணி 37, 15-இல் 2 மணி 21. மீதி ஆறு கிலோமீட்டருக்கு 54 நிமிடம்கூட இல்லை. இந்த எண்களைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளலாம். வாட்ச் காட்டும் சராசரி பேஸை நம்ப வேண்டாம். அது தன் 21.4 கி.மீ. கணக்கில் சொல்வதால் உண்மையைவிடக் கொஞ்சம் இனிப்பாகவே சொல்லும். கிலோமீட்டர் பலகையும் கடிகாரமும் போதும்.

சரி, அந்த பேஸ் உங்களிடம் இருக்கிறதா? பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் ஓட்டக்காரர்கள் கையில் புழங்குகிறது. அதன்படி 10 கி.மீ. நேரத்தை 2.2-ஆல் பெருக்கினால் அரை மாரத்தான் நேரம் கிட்டத்தட்ட வந்துவிடும். இது நீண்ட தூரப் பயிற்சி உள்ளவருக்கான கணக்கு. முதல் முறை ஓடுபவர் இன்னும் ஒன்பது பத்து நிமிடம் சேர்த்துக்கொள்வது நியாயம். 10 கி.மீ.யை 80 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 176, அதோடு 9, கோட்டுக்கும் கழிப்பறைக்கும் இன்னொரு 9 என்று 194 வருகிறது. மூன்றே கால் மணி நேரத்துக்கு அதுதான் விளிம்பு. 85 நிமிடம் எடுப்பவருக்கு 205. அவர் பேர் கொடுக்க வேண்டியது மூன்றரை மணி நேரப் பந்தயத்துக்கு, அல்லது இரண்டு மூன்று மாதம் தள்ளி வரும் ஒன்றுக்கு. "மனசு வைத்தால் முடியும்" என்று தட்டிக்கொடுப்பவர்கள் யாரும் பின்தங்கியவர்களை ஏற்றிவரும் ஸ்வீப் பஸ்ஸில் உடன் வரப்போவதில்லை.

அந்த 10 கி.மீ. சோதனையை எங்கே ஓடினீர்கள் என்பதும் கணக்கில் வரும். டிசம்பரில் கோவையில் வந்த பேஸ் ஜனவரியில் சென்னையில் வராது. சென்னையில் ஜனவரி விடியலில் வெப்பம் 22 டிகிரி சுமாருக்கு இறங்கும், கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பைக் குளிர்விப்பது ஆவியாகும் வியர்வைதான், வழிகிற வியர்வை அல்ல. அதே பேஸில் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். போதாததற்கு, ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஒன்றே முக்கால் மணி நேரக்காரர் ஆறே முக்காலுக்கு, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார். எட்டே காலுக்கு முடிப்பவருக்குக் கடைசி ஒரு மணி நேரம் முழுக்க வெயில். மெதுவாக ஓடுபவருக்குத்தான் பந்தயம் கடினம் என்பதை வேகக்காரர்கள் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை.

இந்த நிலையில் ஓட்டமும் நடையும் கலந்து போவதுதான் என் பார்வையில் புத்திசாலித்தனம். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலவே பரப்பிய முறை இது. மூச்சு வாங்கிய பிறகு நடப்பது அல்ல, முதல் கிலோமீட்டரிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்து நடப்பது. இரண்டு நிமிடம் 7:30 பேஸில் ஓடி, ஒரு நிமிடம் 11:00 பேஸில் நடந்தால் சராசரி 8:23 வரும். நான்கு நிமிடம் 7:45-இல் ஓடி ஒரு நிமிடம் அதே போல் நடந்தால் 8:14. இரண்டுமே 8:33-க்குள் அடங்கும். கோட்டை விடுவது நடையில்தான். நடை என்றதும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு 14:00 பேஸில் உலா போனால், அதே இரண்டு-ஒன்று முறையில் சராசரி 8:52 ஆகிவிடும், கட்-ஆஃப் கைநழுவும். கையை மடக்கி வீசி வேகமாக நடப்பதைத் தனியாகப் பழக வேண்டும். கிலோமீட்டருக்கு 11 நிமிடம் என்பது சாதாரண நடை அல்ல.

குறித்த நேரத்தில் முடிக்க வழிகாட்டியாகக் கொடி பிடித்து ஓடும் பேஸரோடு சேர்ந்துகொள்வதாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: கன் டைமா, சிப் டைமா? ஒரே சீராக ஓடுவாரா, நடுவில் நடப்பாரா? மூன்று மணி நேரப் பேஸர் உங்களுக்கு முன் வரிசையில் கிளம்பியிருந்தால், அவரைப் பிடிக்கிறேன் என்று முதல் மூன்று கிலோமீட்டரில் விரட்டாதீர்கள். அங்கே மிச்சம் பிடித்த இரண்டு நிமிடத்தைப் பதினேழாவது கிலோமீட்டர் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

இனி ஷூ. இதற்கான அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒன்றே முக்கால், இரண்டு மணி நேரத்தில் முடிப்பவரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அவர் நிமிடத்துக்கு 175 அடி என்று ஒன்றே முக்கால் மணியில் 18,000 அடி சுமார் வைப்பார். மூன்று மணி நேரம் ஓடுபவர் நிமிடத்துக்கு 155 முதல் 165 என்று வைத்தாலும் 28,000-லிருந்து 30,000 அடி. பாதம் வீங்குவதற்கும், சாக்ஸ் நனைவதற்கும், ஒரே இடம் தேய்வதற்கும் அவருக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஷூ பிரச்சினை அவருக்குத்தான் அதிகம் என்பதில் வியப்பில்லை.

அளவில்தான் முக்கால்வாசி வினை. ஆபீஸ் ஷூ அளவிலேயே ஓட்ட ஷூ வாங்கினால் 12 கி.மீ.க்கு மேல் விரல் முட்டும். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும்போது போடும் சாக்ஸோடு, சுவரில் குதிகாலை ஒட்டி ஒரு ஏ4 தாளின் மேல் நின்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு பாதத்தையும் அளக்க வேண்டும், ஒன்று பெரும்பாலும் பெரிதாக இருக்கும். பெரியதன் நீளத்தோடு 1 செ.மீ. கூட்டி, நாக்கின் உட்புற லேபிளில் அந்த செ.மீ. எண் போட்ட ஷூவிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். யூகே எண்ணை மட்டும் நம்பினால் மோசம் போவீர்கள். அடிடாஸின் ஆண்கள் யூகே 9 என்பது 27.5 செ.மீ., நைக்கியிலும் ஆசிக்ஸிலும் யூகே 9 என்பது 28 செ.மீ. அந்த அரை செ.மீ. தான் பெருவிரல் நகத்தின் தலையெழுத்து. நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அகலத்தைக் கடையில் யாரும் கேட்பதில்லை. நம் ஊரில் வீட்டில் வெறுங்காலும் வெளியில் செருப்புமாக வளர்ந்த பாதங்கள் முன்பக்கம் விரிந்தே இருக்கும். ஷூவின் உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை மெத்தைக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கானது அல்ல. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டப் பார்த்தால் குதிகால் வழுக்கும், பிறகு பின்னால் கொப்புளம் போடும். 2இ என்று குறித்த அகல ரகங்கள் கிடைக்கின்றன. பெண்கள் ரகத்தின் சாதாரண அகலம் ஆண்கள் ரகத்தைவிடக் குறைவு என்பதால், அகலப் பாதமுள்ள பெண்கள் ஆண்கள் ரகத்தைப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நகம் கறுப்பது ஷூ சிறிதாக இருப்பதால் மட்டும் அல்ல. அளவு சரியாக இருந்தும் லேஸ் தளர்ந்திருந்தால், ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னால் சறுக்கி நகம் முட்டும், நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டும். மேம்பாலத்தில் இறங்கும்போது இது அதிகம். இதற்குத்தான் கணுக்கால் பக்கத்தில் இன்னொரு துளை விட்டிருக்கிறார்கள், நம்மில் பெரும்பாலோர் அதைத் தொட்டதே இல்லை. லேஸை வழக்கமான கடைசித் துளையில் வெளியே எடுத்து, அதே பக்கத்தில் உள்ள அந்தக் கூடுதல் துளைக்குள் விட்டு, சின்னதாக ஒரு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் கோத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது, முன்பாதத்தை இறுக்க வேண்டிய தேவையும் இருக்காது. பாதத்தின் மேல் எலும்பு வலித்தால், வலிக்கும் இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே போடாமல் நேராக மேலே கொண்டுபோய்விடலாம்.

முடிச்சையும் ஒரு முறை குனிந்து பாருங்கள். கட்டிய பிறகு இரண்டு காதுகளும் ஷூவுக்குக் குறுக்கே, இடவலமாகக் கிடந்தால் சரியான முடிச்சு. முன்னும் பின்னுமாக, விரலையும் கணுக்காலையும் நோக்கித் திரும்பிக் கிடந்தால் அது பலவீனமான முடிச்சு. முதல் சுற்றைப் போடும்போது எந்த லேஸை மேலே வைத்தீர்களோ அதை மாற்றிப் போட்டால் போதும், சரியாகிவிடும். 2017-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். கால் தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சை இளக்க, வீசும் கால் லேஸ் நுனியை இழுக்க, சில நொடிகளில் மொத்தமும் அவிழ்ந்துவிடுகிறது. பலவீனமான முடிச்சு இன்னும் சீக்கிரம் அவிழும். அதன் மேல் இன்னொரு முடிச்சும் போட்டு, தொங்கும் நுனியை லேஸுக்கு அடியில் செருகிவிடுங்கள். கூட்டத்தின் நடுவில் குனிந்து நிற்பது ஆபத்து, நனைந்த லேஸைக் கட்டுவது எரிச்சல்.

கொப்புளத்துக்கு உராய்வு, ஈரம், சூடு மூன்றும் சேர வேண்டும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைக் குடித்துக் கனத்து மடிப்பு விழும், பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்த ஓட்ட சாக்ஸ் அவ்வளவு பிடித்துவைக்காது. ஆனால் சென்னையில் நல்ல சாக்ஸும் தோற்கும் இடம் ஒன்று உண்டு: தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. வெயில் ஏறியதும் நிமிர்ந்து நின்றபடி பாட்டிலைத் தலையில் கவிழ்ப்பார்கள், அது முதுகு, தொடை, கெண்டைக்கால் வழியே நேராக ஷூவுக்குள் இறங்கும். அடுத்த மூன்று கிலோமீட்டரில் பாதம் ஊறிவிடும். இடுப்பிலிருந்து நன்றாக முன்னால் குனிந்து, பின்கழுத்தில் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு, தண்ணீர் தரையில் சொட்டி முடிந்த பிறகு நிமிருங்கள். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் வளைவு ஆகிய இடங்களில் கிளம்புமுன் வாசலின் தடவிக்கொள்ளலாம். அக்குள், தொடை இடுக்கு, ஆண்கள் மார்புக்காம்பு இவற்றுக்கும் அதுவே. பருத்தி டீ-ஷர்ட் போட்டு மூன்று மணி நேரம் ஓடினால் மார்பில் ரத்தக் கறையோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டிவரும்.

பந்தயத்துக்கென்று புது ஷூ வாங்குகிறவர்கள் குறைந்தது 50 கி.மீ., அதில் 14 கி.மீ.க்குக் குறையாத லாங் ரன் ஒன்றாவது அதில் ஓடியிருக்க வேண்டும். அதே சாக்ஸ், அதே லேஸ் கட்டு. ஷூ கடிக்கிற இடம் 5 கி.மீ.யில் தெரியாது, 13-இல் தெரியும். பழைய ஷூ என்றால் 500 முதல் 800 கி.மீ. வரை என்பது பொதுவான கணக்கு, உடல் எடை கூடினால் சீக்கிரம் தளரும். பரணில் பெட்டியோடு நான்கைந்து வருடம் கிடந்த "புத்தம் புது" ஷூவைக் கண்டு ஏமாற வேண்டாம். நம் வெக்கையிலும் ஈரத்திலும் பசை விட்டுப்போகும், சில ரகங்களில் பாலியூரித்தேன் சோல் உதிரவே செய்யும். ஓடும்போது சோல் வாய் பிளந்தால் கைவசம் வைத்தியம் எதுவும் இல்லை.

கார்பன் தகடு வைத்த விலை உயர்ந்த ஷூக்களை முதல் அரை மாரத்தானுக்கு வாங்குவது வீண்செலவு. உயரமான, மென்மையான அந்தச் சோல் நடந்து ஓடுபவரின் கணுக்காலைத் திருப்பங்களில் ஆட வைக்கும். குதிகாலுக்கும் விரல் பகுதிக்கும் உள்ள உயர வித்தியாசமும் கவனிக்கத்தக்கது. 10 மி.மீ. வித்தியாசமுள்ள ஷூவில் பழகியவர் திடீரென்று 4-க்கு மாறினால் கெண்டைக்காலும் குதிநரம்பும் பாரத்தைச் சுமக்கும். பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்த மாற்றம் வேண்டவே வேண்டாம்.

ஓடும்போது உள்ளங்காலில் ஓர் இடம் மட்டும் சூடாக எரிவதுபோல் தெரிந்தால், அது கொப்புளத்துக்கு முந்தைய நிலை. உடனே ஓரம் கட்டி, ஷூவைக் கழற்றி, மண் இருந்தால் தட்டி, சாக்ஸ் மடிப்பை நீவி, வாசலின் தடவிக்கொள்ளுங்கள், அல்லது துடைத்து உலர்த்தி டேப் ஒட்டுங்கள். ஒன்றரை நிமிடம் போகும். கட்-ஆஃப் பயத்தில் நிற்காமல் போய், கடைசி ஐந்து கிலோமீட்டரை 8:30-க்குப் பதில் 11:00-இல் நொண்டினால் பன்னிரண்டரை நிமிடம் போகும். மருத்துவ மேசையில் அடித்துவிடும் வலி ஸ்ப்ரே தசைக்கானது, உரிந்த தோலின் மேல் பட்டால் துள்ளிவிடுவீர்கள். ரோடு இரண்டு ஓரத்திலும் சரிந்திருப்பதால் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு பக்க முழங்காலும் பாதமும் மட்டும் வலிக்கும். போக்குவரத்தை நிறுத்தியிருக்கும் இடங்களில் நடுவாக ஓடுங்கள்.

முடித்த பிறகு சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் விடுங்கள். பெரிதாகி நடக்க முடியவில்லை என்றால் சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல் தோலை உரிக்காமல் கட்டுப் போடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை வீட்டில் செய்யக் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். கறுத்த நகம் தானாக விழும், பிடுங்க வேண்டாம். ஷூவை வாஷிங் மெஷினிலும் மொட்டை மாடி வெயிலிலும் போட்டுவிடாமல், உள் மெத்தையை எடுத்துத் தனியாக வைத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். தாள் நனைந்ததும் ஒரு முறை மாற்றினால் அடுத்த நாளுக்குள் காய்ந்துவிடும்.